கேமரா பரிசோதனைக்குச் சீரான வெளிச்சம்: கணக்குப் போட்டு அமைக்கும் முறை

கடைசல் முடிந்த அலுமினியத் தட்டு ஒன்று, பழுது உண்டா என்று கேமரா பார்த்துச் சொல்வதற்காக, அதற்குக் கீழே இருக்கிறது. படத்தின் நடுவில் அதன் கிரே லெவல் (0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் பிரகாசம்) 180. அங்கே கீறல் விழுந்தால் அந்த இடம் 140 காட்டும். மென்பொருளில் 155க்குக் கீழே வருவதெல்லாம் பழுது என்று எழுதிவிட்டோம். நடுப்பகுதியில் அருமையாக ஓடுகிறது. மூலைக்குப் போனால்தான் வினை. அங்கே வெளிச்சம் 25% குறைவு என்றால், ஒரு குறையும் இல்லாத பரப்பே 135 காட்டும். நல்ல மூலை நடுக்கீறலைவிடக் கறுப்பாகிவிட்டது. இனி எந்த எண்ணை எழுதினாலும் ஒன்று கீறல் தப்பும், இல்லையென்றால் நல்ல சரக்கு ரிஜெக்ட் ஆகும்.

இந்த நிலையில் பெரும்பாலானோர் மென்பொருளைக் குடைய ஆரம்பிப்பார்கள். நானும் குடைந்திருக்கிறேன். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் பரப்பு, அடுத்து லென்ஸ், பிறகு விளக்கு, மின்சாரம், அளவெடுப்பு, எல்லாம் முடிந்தபின் மென்பொருள். இந்த வரிசையிலேயே போகலாம்.

கணக்குக்காக ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். பார்க்க வேண்டிய பரப்பு 80×60 மி.மீ., மூலைவிட்டம் 100 மி.மீ. கேமராவின் சென்சார் 8.8×6.6 மி.மீ., அதாவது சந்தையில் 2/3 அங்குலம் என்று விற்பது. உங்கள் அளவு வேறாக இருந்தால் விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பரப்பு சுண்ணாம்பா, கண்ணாடியா?

விளக்கை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அட்டை, ரப்பர், மணல் வார்ப்பு போன்ற மங்கலான பரப்புகள் தங்கள்மேல் விழும் வெளிச்சத்தை எல்லாத் திசைக்கும் சிதறடிக்கும். அங்கே கேமரா பார்ப்பது, பரப்பின்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை. பாலிஷ் செய்த உலோகம், கண்ணாடி, ஃபாயில் போன்றவை அப்படியில்லை. அவற்றில் கேமரா பார்ப்பது விளக்கின் பிம்பத்தை. ஷேவிங் கண்ணாடியை டார்ச்சால் எவ்வளவு சீராக அடித்தாலும் அதில் தெரிவது டார்ச்சின் முகம்தான்.

ஆகவே சுண்ணாம்பு வகைக்கு, பரப்பின்மேல் விழும் வெளிச்சம் சீராக இருக்க வேண்டும். கண்ணாடி வகைக்கு, விளக்கின் முகமே சீராகவும் போதுமான பெரிதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வடிவமைப்பு. ஒன்றுக்குச் செய்ததை மற்றதில் மாட்டுவதால்தான் பாதிப் பிரச்சினைகள் வருகின்றன. கடைசல், கிரைண்டிங் முடிந்த பரப்புகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அவற்றைக் கண்ணாடிக் கட்சியில் சேர்த்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீர் என்பது எப்போதும் தேவைப்படுவதில்லை. சாலிடர் மூட்டுகளைப் பார்க்கும் இயந்திரங்களில் வெவ்வேறு கோணத்திலிருந்து வெவ்வேறு நிற வெளிச்சத்தை வேண்டுமென்றே அடிப்பார்கள். சமதளம் ஒரு நிறமாகவும் சரிவு வேறு நிறமாகவும் தெரியும். கீறலை மட்டும் பார்க்க வேண்டும் என்றால், தரையோடு தரையாகச் சாய்வாக அடித்தால் பரப்பு கறுத்துக் கீறல் மட்டும் மின்னும். கோணம் எதுவானாலும், ஒரே மாதிரிக் குறை படத்தின் எந்த இடத்தில் இருந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அதுதான் இங்கே நாம் தேடும் சீர்.

படி 2: லென்ஸ் செய்யும் திருட்டு

வெளிச்சம் பக்காவாகச் சீராக இருந்தாலும் லென்ஸ் மூலைகளை இருட்டாக்கும். சாய்வாக வரும் கதிருக்கு ஒளி குறைவது அந்தச் சாய்வுக் கோணத்தின் கொசைனை நான்கு முறை பெருக்கிய அளவில். நம் அமைப்பில் 16 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் போட்டால் கேமரா சுமார் 160 மி.மீ. உயரத்தில் நிற்கும், மூலைக்கு 17 பாகைச் சாய்வு, கணக்குப்படி மூலையில் 17% இழப்பு. 25 மி.மீ. லென்ஸ் என்றால் உயரம் 250 மி.மீ., இழப்பு 7%. 35 மி.மீ. என்றால் உயரம் 350 மி.மீ., இழப்பு 4%தான்.

இடம் இருந்தால் குவியத் தூரம் அதிகமுள்ள லென்ஸைப் போட்டுத் தள்ளி வையுங்கள். இதைவிட மலிவான வைத்தியம் இந்தத் தொழிலில் இல்லை. இடமில்லை என்று 12 மி.மீ. லென்ஸை நெருக்கி மாட்டிவிட்டு, பிறகு விளக்கில் பணத்தைக் கொட்டும் இயந்திரங்கள் நிறைய உண்டு.

லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து வைத்தால், உள்ளிருக்கும் வளையங்கள் ஓரக் கதிர்களை மறைத்து மூலையை மேலும் கறுப்பாக்கும். துவார எண் எஃப் 5.6 அல்லது 8 வரை மூடினால் பெரும்பாலும் அது போய்விடும். அதற்கு மேல் மூடினால் சிறிய பிக்சல் உள்ள சென்சாரில் கூர்மை கெடும். மூடுவதால் குறையும் ஒளியை விளக்கில் ஈடுகட்ட வேண்டும். அதனால் துவாரத்தை முதலில் தீர்மானியுங்கள், விளக்கின் பலத்தைப் பிறகு.

படி 3: மங்கலான பரப்புக்கு வளைய விளக்கு

ஒற்றை எல்இடியை நேர் மேலே தொங்கவிட்டால் என்ன ஆகும்? மூடி லென்ஸ் இல்லாத சாதாரண எல்இடி, 60 பாகையில் பாதி ஒளி தரும் வகை. அதன் உயரத்தை 1 என்று வைத்தால், நடுவிலிருந்து 0.4 தூரத்தில் வெளிச்சம் 26% குறைந்துவிடும். முதல் பத்தியில் சொன்ன மூலை இதுதான்.

அதே எல்இடிகளை வளையமாக அடுக்கினால் ஓர் அழகான விஷயம் நடக்கிறது. வளையம் சிறிதாக இருந்தால் நடு மேடாக இருக்கும். ரொம்பப் பெரிதானால் நடு பள்ளமாகும். இரண்டுக்கும் நடுவே, மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் ஓர் அளவு உண்டு. 60 பாகை எல்இடிக்கு அது வளையத்தின் ஆரம் = உயரம் × 0.71. அந்த அளவில் வைத்தால், 0.4 தூரத்தில் குறைவு 26% இல்லை, 2%க்கும் கீழே. 0.5 தூரம் போனால் 4%.

ஆரத்தைப் பாதியாக, 0.35 ஆக வைத்துப் பார்த்தால் அதே 0.4 தூரத்தில் 18% விழுகிறது. 1.2 ஆகப் பெரிதாக்கினால் ஓரம் நடுவைவிட 10% பிரகாசமாகிறது.

நம் அமைப்புக்குக் கணக்கு இப்படி. நடுவிலிருந்து மூலை 50 மி.மீ. அது 0.4 ஆக இருக்க வேண்டும் என்றால் விளக்கின் உயரம் 125 மி.மீ. ஆரம் 88 மி.மீ., அதாவது விட்டம் ஏறக்குறைய 175 மி.மீ. கேமரா 250 மி.மீ. உயரத்திலிருந்து வளையத்தின் நடுவே தாராளமாகப் பார்க்கலாம். லென்ஸின் கழுத்திலேயே மாட்டும் 70 மி.மீ. வளையம் ஏன் நடுவில் வெள்ளைப் பொட்டு வைக்கிறது என்பதும் இப்போது புரிந்திருக்கும்.

மூடி லென்ஸ் உள்ள 30 பாகை எல்இடி என்றால், நேர் கீழே பார்க்கும்படி வைத்தால், ஆரம் உயரத்தில் பாதி. கடையில் கிடைக்கும் வளையங்களில் எல்இடிகள் உள்பக்கம் சாய்ந்திருக்கும். அவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்ற வரைபடத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். தர முடியாதவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

வளையத்துக்குப் பதில் நான்கே எல்இடி சதுரமாக வைத்தாலும் இதே கணக்குதான்: 60 பாகை வகைக்குச் சதுரத்தின் பக்கமும் உயரமும் சமம். சிறிய பொருளுக்கு இதுவே போதும்.

படி 4: மின்னும் பரப்புக்கு

மேலே போட்ட 175 மி.மீ. வளையத்துக்குக் கீழே பாலிஷ் செய்த தட்டை வைத்துப் பாருங்கள். படம் கிட்டத்தட்டக் கறுப்பாக வரும். காரணம் ஒரு கோடு வரைந்தால் தெரிந்துவிடும். தட்டின் ஒரு புள்ளியிலிருந்து லென்ஸுக்குப் போகும் கதிரை, தட்டைக் கண்ணாடியாக நினைத்துப் பின்னோக்கி விடுங்கள். அது எங்கே போய் முட்டுகிறதோ, அங்கே இருப்பதைத்தான் கேமரா பார்க்கிறது. தட்டின் மூலையிலிருந்து புறப்பட்ட கதிர் 125 மி.மீ. உயரத்தில் நடுவிலிருந்து 75 மி.மீ. தள்ளிப் போகிறது. நம் வளையமோ 88இல் இருக்கிறது. வளையத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தைத்தான் தட்டு முழுக்கப் பிரதிபலிக்கிறது.

வாய்ப்பாடாகச் சொன்னால்: தேவைப்படும் விளக்கு முகத்தின் ஆரம் = பார்வைப் பரப்பின் ஆரம் × (1 + விளக்கு முகத்தின் உயரம் ÷ லென்ஸின் உயரம்). இந்த ஒரு வரியைப் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

இதன்படி 125 மி.மீ. உயரத்தில் 150 மி.மீ. விட்டமுள்ள ஓபல் (பால்வெள்ளை) அக்ரிலிக் தட்டை ஒளிரவிட வேண்டும். அதன் நடுவில் கேமரா பார்க்க ஓட்டை வேண்டுமே? ஓட்டையின் ஆரம் 27 மி.மீ. என்றால், அது சோதிக்கும் தட்டில் 36 மி.மீ. அகலத்துக்குக் கறுப்பு வட்டமாகத் தெரியும். கவிழ்த்த கிண்ணம் போன்ற டோம் விளக்கு வாங்கியவர்கள் ‘நடுவில் கறுப்புப் பொட்டு வருகிறது, விளக்கு பழுது’ என்று சண்டைக்குப் போவது இதற்காகத்தான். விளக்கு பழுதில்லை, அது ஓட்டையின் பிம்பம்.

இதற்கு இரண்டு வழி. ஒளிரும் தட்டை லென்ஸின் முகம் வரை மேலே ஏற்றினால், தட்டின் ஆரம் 100 மி.மீ. ஆகப் பெருகும், ஆனால் ஓட்டை லென்ஸின் முகம் அளவுக்குச் சுருங்கும். லென்ஸின் முகம் 30 மி.மீ. என்றால் பொட்டு 15 மி.மீ.தான். சோதிக்கும் பொருள் வாஷர் போல நடுவில் துளையுள்ளது என்றால் பொட்டு அந்தத் துளைக்குள் அடங்கிவிடும். அதோடு கதை முடிந்தது.

பொட்டே கூடாது என்றால் கோஆக்ஸியல் விளக்கு. 45 பாகையில் சாய்த்த பாதி ஊடுருவும் கண்ணாடி, பக்கத்து விளக்கை லென்ஸ் பாதையிலேயே கீழே அனுப்பும். விலை என்னவென்றால் போகும்போது பாதி, திரும்பும்போது பாதி. மிச்சம் அதிகபட்சம் 25%. இதிலும் மேலே சொன்ன வாய்ப்பாடு பொருந்தும். பொருளின் அளவுக்கே விளக்கு வாங்கினால் ஓரம் கறுக்கும்.

கணக்கில் வந்த அளவோடு நிறுத்தாதீர்கள். சோதிக்கும் தட்டு 1 பாகை சாய்ந்தால் பிரதிபலிப்பு 2 பாகை சாயும்; 250 மி.மீ. உயரத்தில் அது கிட்டத்தட்ட 9 மி.மீ. நகர்வு. கன்வேயரில் ஆடி ஆடி வரும் பொருளுக்குச் சுற்றிலும் அந்த அளவு கூடுதலாக வைத்தே ஆக வேண்டும். வளைந்த, கசங்கிய பரப்புகளுக்கு (ஃபாயில் பொட்டலம், டின் மூடி) எல்லாக் கோணத்திலிருந்தும் ஒளி வர வேண்டும் என்பதால் உள்ளே வெள்ளை பூசிய டோம்தான் சரி.

படி 5: டிஃப்யூசர் பெட்டியும் பேக்லைட்டும்

ஒளிரும் தட்டு, அதாவது ஒளியைச் சிதறடிக்கும் டிஃப்யூசர் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதைச் சீராக ஒளிரவைப்பதுதான் தனிக் கலை. நான் முதலில் செய்த பெட்டியில் எல்இடி ஸ்ட்ரிப்பை வரிசையாக ஒட்டி, 5 மி.மீ. மேலே ஃப்ராஸ்டட் அக்ரிலிக் வைத்தேன். கண்ணுக்குப் பிரமாதமாக இருந்தது. கேமராவில் பார்த்தால் ஆப்பச் சட்டியில் குமிழ் வந்த மாதிரி வரிசையாகப் பொட்டுகள்.

இரண்டு தவறு. ஃப்ராஸ்டட் தகடு கதிரைக் கொஞ்சம்தான் சிதறடிக்கும். பால் போன்ற ஓபல் தகடு வேண்டும், 3 மி.மீ. போதும். அது கணிசமான ஒளியை விழுங்கும், பரவாயில்லை. இரண்டாவது தவறு இடைவெளி. சதுரக் கட்டமாக அடுக்கிய எல்இடிகளுக்கிடையே உள்ள தூரத்தில் பாதி உயரத்தில் தகட்டை வைத்தால், அதன் அடியில் விழும் ஒளி சராசரியிலிருந்து கூடவும் குறையவும் 40% ஆடும். அந்தத் தூரத்துக்குச் சமமான உயரத்தில் ஆட்டம் 2.5%. ஒன்றரை மடங்கில் 0.2%க்கும் கீழே போய்விடும். ஆக, எல்இடிகள் 10 மி.மீ. இடைவெளியில் என்றால் தகடு 15 மி.மீ. மேலே. அதற்கு மேல் ஏற்றினால் பலன் இல்லை, ஓரம்தான் கெடும்.

ஓரம் ஏன் கெடும்? நடுவில் இருக்கும் புள்ளிக்கு நான்கு பக்கத்திலிருந்தும் ஒளி வருகிறது. விளிம்பில் இருப்பதற்கு ஒரு பக்கம் வெற்று. அங்கே பாதி ஒளிதான். விளிம்பிலிருந்து தகட்டின் உயரத்தைப்போல மூன்று மடங்கு உள்ளே வந்தால் குறைவு 3%க்குள் வரும். நம் கணக்கில் 45 மி.மீ. அவ்வளவு இடம் இல்லையென்றால் பெட்டியின் பக்கச் சுவர்களுக்கு நல்ல பிரதிபலிப்புத் தாளோ பளிச்சென்ற வெள்ளையோ கொடுங்கள். சுவர், இல்லாத எல்இடிகளின் வேலையைப் பார்க்கும்.

இதே பெட்டியைப் பொருளுக்குக் கீழே வைத்து நிழலுருவம் எடுத்தால் பேக்லைட். அதில் ஒரு முரண் உண்டு. சீராக இருக்கப் பெட்டி பெரிதாக வேண்டும். ஆனால் ஒளிரும் முகம் பார்வைப் பரப்பைவிட ரொம்பப் பெரிதாக இருந்தால், பக்கவாட்டுக் கதிர்கள் மின்னும் விளிம்பில் பட்டுத் தெறித்து உருளைப் பொருளின் அகலத்தைக் குறைத்துக் காட்டும். எனவே பெட்டியைப் பெரிதாகச் செய்து, மேலே கறுப்பு அட்டையால் பார்வைப் பரப்பைவிடச் சற்றே பெரிய ஜன்னல் வெட்டி மூடுங்கள்.

படி 6: மின்சாரம், சூடு, ஜன்னல்

எல்இடிகளைச் சீரியலில் இணைத்து நிலையான மின்னோட்டம் தரும் டிரைவர் போடுங்கள். ஒரே மின்னோட்டம் எல்லாவற்றிலும் ஓடும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் நீளம் கூடக் கூட மின்னழுத்தம் குறைந்து கடைசி முனை மங்கும். ஸ்ட்ரிப்தான் கையில் இருக்கிறது என்றால் இரு முனையிலும் மின்சாரம் கொடுங்கள். எல்இடிகளை ஒரே பேட்ச்சில் வாங்குங்கள்.

மலிவான டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து எரித்து மங்கச் செய்பவை. நொடிக்கு 500 முறை அணைந்து எரியும் விளக்கின் கீழ் கேமரா 1 மில்லி நொடி மட்டும் கண் திறந்தால், ஒரு படத்துக்கு முழு ஒளி, இன்னொன்றுக்கு இருட்டு என்றுகூட ஆகும். அதே போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா கண் திறந்திருக்கும் நேரத்தை, 10 மில்லி நொடியின் மடங்காக வைத்தால் துடிப்பு சராசரியாகிவிடும். ஆனால் வெளி வெளிச்சத்தை மறைப்பதுதான் முறையான வழி.

ஒரு பட்டறையில் தினமும் மாலை 4 மணிக்கு மேல் ரிஜெக்ட் ஏறியது. ஷிப்ட் மாறுவதால் என்று ஆட்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேற்கு ஜன்னல் வெயில் கன்வேயர் மேல் விழுந்துகொண்டிருந்தது. உள்பக்கம் மங்கலான கறுப்பு பூசிய தகரக் கூண்டு போட்டதும் நின்றது. கூண்டு போட முடியாத இடத்தில் சிவப்பு எல்இடியும், அந்தச் சிவப்பை மட்டும் விடும் ஃபில்டரும் ஓரளவு காப்பாற்றும்.

சூடு ஏறினால் எல்இடி மங்கும், சிவப்பு வகை இன்னும் அதிகமாக. பலகையின் நடுவில் இருப்பவை ஓரத்தில் இருப்பவற்றைவிடச் சூடாகும் என்பதால் இது சீரையும் கெடுக்கும். அலுமினியப் பலகையில் பதித்த எல்இடியும், பின்னால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கும் வேண்டும். காலையில் போட்டதும் 20–30 நிமிடம் எரியவிட்டுப் பிறகு அளவெடுங்கள்.

படி 7: அளவெடுத்தல்

வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் வேண்டாம். அது லென்ஸின் இழப்பைப் பார்க்காது. கேமராவே மீட்டர். முதலில் ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கெயின் (படத்தின் பிரகாசத்தைக் கேமரா தானாகக் கூட்டிக் குறைப்பவை) இரண்டையும் அணையுங்கள். காமா 1ஆக இருக்க வேண்டும், அப்போதுதான் கிரே லெவல் ஒளிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். இதை மறப்பவர்கள் அதிகம். காமா 0.45இல் இருந்தால் 25% குறைவு 12%ஆகத் தெரியும், நீங்களும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

மங்கலான பரப்புக்கு, சில மி.மீ. கனமுள்ள வெள்ளை டெஃப்லான் தகட்டை லேசாக உப்புத்தாள் போட்டு, பொருளின் மேல்பரப்பு இருக்கும் அதே உயரத்தில் வையுங்கள். ஜெராக்ஸ் தாளில் வெண்மைக்காக ஒளிரும் சாயம் சேர்த்திருப்பார்கள். நீல, புற ஊதா வெளிச்சத்தில் அது ஏமாற்றும். மின்னும் பரப்புக்கு டெஃப்லானால் பயனில்லை. பழுதில்லாத அதே பொருளையோ, அதே ஃபினிஷ் கொண்ட சமதளத் தகட்டையோ வைக்க வேண்டும்.

மிகப் பிரகாசமான இடம் 200–220க்குள் நிற்கும்படி எக்ஸ்போஷரை வைத்து, 16 படம் எடுத்துச் சராசரி எடுங்கள். படத்தை 8×6 கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்தின் சராசரியைப் பாருங்கள். மிகக் குறைந்த கட்டத்தை மிக உயர்ந்த கட்டத்தால் வகுத்தால் உங்கள் மதிப்பெண். 0.9 வந்தால் நல்ல வேலை. 0.8க்குக் கீழே என்றால் நான் அடுத்த படிக்குப் போக மாட்டேன்.

குறை விளக்கிலா, லென்ஸிலா என்று தெரிய வேண்டுமா? விளக்கை மட்டும் 20 மி.மீ. நகர்த்திப் படம் எடுங்கள். படத்தில் எது கூடவே நகர்கிறதோ அது விளக்கின் குறை. நகராமல் நிற்பது லென்ஸின் குறை.

படி 8: கடைசியாக மென்பொருள்

மிஞ்சியதை ஃப்ளாட் ஃபீல்ட் திருத்தம், அதாவது ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கால் சமப்படுத்துவது, பார்த்துக்கொள்ளும். மேலே எடுத்த வெள்ளைச் சராசரிப் படம் ஒன்று, லென்ஸை மூடி எடுத்த கறுப்புப் படம் ஒன்று. எடுக்கும் ஒவ்வொரு படத்திலிருந்தும் கறுப்பைக் கழித்து, வெள்ளையில் கறுப்பைக் கழித்ததால் வகுத்து, வெள்ளையின் சராசரியால் பெருக்க வேண்டும். வெள்ளைத் தகட்டில் இருக்கும் தூசி எல்லாப் படத்திலும் பேயாகத் தெரியாமலிருக்க, தகட்டை இடம் மாற்றி மாற்றி எடுத்த படங்களின் நடு மதிப்பை எடுங்கள்.

இதை வைத்து எதையும் சரிக்கட்டலாம் என்று நினைக்கத் தோன்றும். மூலையில் பாதி ஒளிதான் என்றால் திருத்தம் அதை இரண்டால் பெருக்கும்; கூடவே இரைச்சலையும், அதாவது படத்தில் தெரியும் பொறிப்பொறியையும். படம் சீராகத் தெரியும், ஆனால் மூலையில் மெல்லிய கீறல் அந்தப் பொறிப்பொறிக்குள் மூழ்கிவிடும். 0.8 என்று கோடு போட்டது இதற்காகத்தான். லென்ஸின் துவாரம், விளக்கின் உயரம், பொருளின் கனம் இவற்றில் எது மாறினாலும் பழைய வெள்ளைப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

அந்த டெஃப்லான் தகட்டை ஒரு டப்பாவில் போட்டு இயந்திரத்தின் பக்கத்திலேயே வையுங்கள். திங்கட்கிழமைதோறும் திருத்தம் இல்லாமல் ஒரு படம் எடுத்து 48 கட்ட எண்களையும் நோட்டில் எழுதுங்கள். எல்லா எண்ணும் ஒன்றாக இறங்கினால் எல்இடிக்கு வயதாகிறது. ஒரு மூலை மட்டும் இறங்கினால் டிஃப்யூசரில் எண்ணெய்ப் புகை படிந்திருக்கும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தின்னர் மட்டும் போட்டுவிடாதீர்கள், அக்ரிலிக் வெடித்துக் கோடு விழும்.